வசனம் மனதில் நிற்கவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 63 வயது. பிறந்து வளர்ந்தது மானிப்பாய். இப்போது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மகன், மருமகள், பேரனோடு இருக்கிறேன். சின்ன வயதில் ஞாயிறு பாடசாலையில் வசனப் போட்டி வைத்தால் பரிசு எனக்குத்தான். 23, 103, 121ஆம் சங்கீதங்களும் மலைப்பிரசங்கம் மூன்று அதிகாரமும் புத்தகம் பார்க்காமல் சொல்லுவேன். இப்போது விடிய வாசித்தது மத்தியானம் சோறு வடிக்கும்போது மனதில் இல்லை.

ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடிக்கிற அட்டவணை ஒன்று சபையில் தந்தார்கள். லேவியராகமத்தில் நின்றவள்தான், அதற்கப்பால் போகவில்லை. புதன்கிழமை வேதப்படிப்பு நடத்துகிற தம்பி நல்ல பிள்ளை, ஆனால் ஒரு வசனத்துக்கே முக்கால் மணித்தியாலம் எடுப்பார். காலி வீதியைக் கடந்து வீட்டுக்கு வருவதற்குள் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் போய்விடும்.

மருமகள் வேதாகமத்தைக் கையில் எடுத்து நான் கண்டதில்லை. எல்லாம் போனில்தான். பஸ்ஸில் வாசிப்பாள், சமைத்துக்கொண்டே காதில் போட்டுக் கேட்பாள். அப்படிப்பட்டவளுக்கு வசனம் நிற்கிறது. தலையில் முக்காடு போட்டு, மேசையில் விரித்து வைத்து வாசிக்கிற எனக்கு நிற்கவில்லை. இது என்ன நியாயம்?

போன வருடம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது முன்கதவில் இருந்த 91ஆம் சங்கீதத் தாளைக் கழற்றினோம். கொரோனா நேரம் சபையில் கொடுத்தது, இவர்தான் நாலு மூலைக்கும் செலோடேப் போட்டு ஒட்டினவர். 'வாதை உன் கூடாரத்தை அணுகாது.' 2021 ஓகஸ்டில் இவர் போய்விட்டார், பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரவும் விடவில்லை. தாளைத் திரும்ப ஒட்டவில்லை, புதுப் பெயின்ட் பழுதாகிவிடும். மருமகள் இப்போது பேரனைப் படுக்க வைக்கும்போது அதே சங்கீதத்தைச் சொல்லிக் கொடுக்கிறாள். வேறு எதையாவது படிப்பி என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது, எல்லாம் போன் படிப்பு.

அதை விடுங்கள். என் கேள்வி இதுதான்: வாசிப்பது ஏன் விளங்குவதில்லை? விளங்கினாலும் ஏன் நிற்பதில்லை? இது மறதி நோயின் தொடக்கமா, விசுவாசம் வற்றிப்போனதா? வசனத்தை மனதில் பதிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சகோதரி, கொழும்பு 6

அன்புச் சகோதரிக்கு,

இவ்வளவு நீளக் கடிதத்தில் நீங்கள் ஒரேயொரு வசனத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. 91ஆம் சங்கீதம், பத்தாம் வசனம். வேதாகமத்தைத் திறந்து பார்த்து எழுதியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

அடுப்பை நிறுத்த மறப்பது, தெரிந்த தெருவில் வழி தடுமாறுவது என்று ஏதும் இருந்தால் டொக்டரிடம் போங்கள், பிந்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் அப்படி எதையும் காணவில்லை. கணவர் இறந்ததைப் பெயின்ட் வேலைக்கு நடுவில் இரண்டு வரியில் சொல்லி, 'அதை விடுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் அதை விட முடியாது.

புரியவில்லை என்கிறீர்கள். அந்த வசனம் உங்களுக்கு நன்றாகவே புரிந்தது. வாதை அணுகாது என்று அது சொன்னது, வாதை வந்தது, தாளை ஒட்டினவரையே கொண்டுபோனது. கடைசியாக முகம் பார்க்கவும் வீட்டில் வைத்து அழவும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. 'ஆண்டவரே, சொன்னது என்ன, நடந்தது என்ன' என்று கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. கேட்டால் விசுவாசம் போய்விடும் என்ற பயம். அதனால் பழியை ஞாபகத்தின் மேலும் அட்டவணையின் மேலும் வேதப்படிப்புத் தம்பியின் மேலும் போடுகிறீர்கள். ஒரு வசனம் தொண்டையில் நிற்கும்போது மற்றது எப்படி இறங்கும்?

மருமகள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். பஸ்ஸிலும் அடுப்படியிலும் வேதத்தை விடாமல் வைத்திருக்கிற பெண் அவள். அவளுடைய போன் அல்ல, உங்களால் வாயெடுத்துச் சொல்ல முடியாத சங்கீதத்தை அவள் பிள்ளைக்குச் சொல்லுவதுதான் உங்களைச் சுடுகிறது. அந்தக் கோபம் அவளுக்கு உரியதல்ல. கடவுளிடம் கேட்க வேண்டியதை அவளிடம் சத்தம் போட்டிருக்கிறீர்கள்.

இனி அந்தச் சங்கீதத்துக்கு வருவோம். மத்தேயு நான்காம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, 'தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள்' என்று பிசாசு எடுத்துக்காட்டுவது இதே 91ஆம் சங்கீதத்தைத்தான். 11ஆம், 12ஆம் வசனங்கள். இயேசு சங்கீதத்தைத் தள்ளிவிடவில்லை. அதை உத்தரவாதச் சீட்டாக நீட்டத்தான் மறுத்தார். அவர் குதிக்கவில்லை. பிறகு சிலுவையில் அவர் வாயில் வந்தது 22ஆம் சங்கீதம்: 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?' 91க்குள்ளேயே 15ஆம் வசனம் 'ஆபத்தில் நானே அவனோடிருந்து' என்கிறது. ஆபத்தே வராது என்றால் அந்த வரிக்கு அங்கே என்ன வேலை? அந்த நாட்களில் பயத்தில் நாமெல்லாரும் அதைக் கதவுக்குக் காவலாக வைத்தோம். உங்கள் கணவர் அன்பினால் வைத்தார். அவருடைய விசுவாசம் குறைந்ததால் வாதை வந்தது என்று யாராவது சொல்லியிருந்தால், அது வேதம் அல்ல, வேதத்தைக் கொண்டு செய்த கொடுமை. எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் கூட்டாளிகளும் அப்படித்தான் கதைத்தார்கள். முடிவில் கடவுள் கடிந்துகொண்டது அவர்களைத்தான், கேள்வி கேட்ட யோபுவை 'நிதானமாய்ப் பேசினான்' என்றார்.

வசனத்தைக் காத்துக்கொள்வது என்றால் மனப்பாடம் என்று சின்ன வயதில் பழகிவிட்டோம். பரிசும் அதற்குத்தான் கிடைத்தது. லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் கடைசியைப் பாருங்கள். பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் சொன்ன வார்த்தையை மரியாளும் யோசேப்பும் 'உணர்ந்துகொள்ளவில்லை' என்று 50ஆம் வசனம் சொல்லுகிறது. அடுத்த வசனத்திலேயே, தாயார் அதையெல்லாம் 'தன் இருதயத்திலே வைத்துக்கொண்டாள்'. விளங்காமலேதான் வைத்துக்கொண்டாள். பத்தாம் வசனத்தை நீங்களும் நாலு வருடத்துக்கு மேலாக அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள், வலியோடு. அதை விசுவாசம் வற்றியது என்று நான் சொல்ல மாட்டேன்.

அட்டவணையைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். லேவியராகமம் காத்திருக்கும். 88ஆம் சங்கீதத்தை வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் சத்தமாக வாசியுங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதிக்குத் திரும்பும், இது திரும்பாது. அழுகையோடே நிற்கிறது, அப்படியே வேதத்திலும் இருக்கிறது. பிறகு 91ஐ எடுங்கள். பத்தாம் வசனத்தில் நிற்க வேண்டுமானால் நில்லுங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

மருமகளிடம் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவளைப் பக்கத்தில் இருத்தி, அந்த ஓகஸ்ட் மாதம் நடந்ததை முதலில் இருந்து சொல்லுங்கள். நீங்கள் அந்த வீட்டில் யாரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை என்று எனக்குப் படுகிறது. பேரனுக்கு எந்தச் சங்கீதம் என்பதை அதற்குப் பிறகு இரண்டு பேருமாகக் கதைத்து முடிவெடுங்கள்.