வாடகை இருக்கட்டும், முதலில் லைப்ரரி கார்டு

கோத்தகிரித் தம்பிக்கு,

உன் மாமா உன்னுடைய கேள்விகளை அனுப்பி, "நீ பழைய ஆளு, நீயே பதில் சொல்லு" என்றார். செப்டம்பரில் டொராண்டோவுக்குப் படிக்கப் போகிறாய். வாடகை எவ்வளவு ஆகும், பகுதிநேர வேலை கிடைக்குமா, எந்த ஸ்வெட்டர் வாங்குவது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் கூச்சத்தோடு ஒன்று கேட்டிருக்கிறாய். அங்கே பொது நூலகத்தில் பழைய படங்கள், வெளிநாட்டுப் படங்களின் டிவிடி இரவல் தருவார்களாமே, கட்டணம் உண்டா, இங்கிருந்து பிளேயர் எடுத்துப் போகலாமா?

மற்றதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாடகை அதிகம். வேலை கிடைக்கும், கால் வலிக்கும். அவ்வளவுதான். அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவில் ஊட்டிக்கு வந்திருக்கிறேன். பிங்கர் போஸ்ட் வீட்டில் இரண்டு நாளாக மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்து, யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

நான் அங்கே இறங்கியது 2006 ஜனவரி. ஊட்டிக்காரனுக்குக் கனடாக் குளிர் ஒரு குளிரா என்ற மிதப்பு. இங்கே ரேஸ் கோர்ஸ் புல்லில் உறைபனி விழுந்தால் அதை வேடிக்கை பார்க்கக் கீழேயிருந்து கார் எடுத்து வருகிறார்கள். அது பூஜ்யத்தை ஒட்டிய குளிர். அங்கே விமான நிலையக் கதவு திறந்ததும் மைனஸ் பதினெட்டு. மூக்கு முடி உறைந்து ஊசியாகக் குத்தியது. மிதப்பு அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை வீட்டு பேஸ்மென்டில் அறை எடுத்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் படியிறங்கி வந்து, "தம்பி, லைப்ரரிக் காட் எடுத்தனீரோ?" என்றார். வேலைக்கு மனு போட்டாயா என்று கேட்பார் என நினைத்திருந்தேன். "இல்லையெண்டால் வெளிக்கிடும், இப்பவே போவம்." பனியில் இருபது நிமிஷ நடை. பெயரும் முகவரியும் உள்ள தாள் ஏதாவது வேண்டும் என்றார்கள், என்னிடம் இல்லை. திரும்பி வந்தோம். அடுத்த வாரம் எனக்கு பேங்க் கடிதம் வந்த அன்று சாயங்காலமே மறுபடி கூட்டிப் போனார். இந்த மனிதருக்கு இதில் என்ன இவ்வளவு அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் ஒரு காலையில், எரிந்து கிடந்த யாழ்ப்பாண நூலகத்தின் முன்னால் போய் நின்ற பையன்களில் அவரும் ஒருவர் என்று பல மாதம் கழித்து அவர் மனைவி சொன்னார். 97,000 புத்தகங்கள். அவராக ஒருநாளும் அதைப் பேசியதில்லை.

கார்டு கைக்கு வந்ததும் நான் புத்தகப் பக்கமே போகவில்லை. டிவிடி அலமாரிக்குத்தான் போனேன். காரணம் சொல்கிறேன்.

எங்கள் அப்பா இந்து நகர் பிலிம் பேக்டரியில் வேலை பார்த்தவர். எச்.பி.எப்., அதாவது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்றால் உன் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1960இல் தொடங்கிய மத்திய அரசுக் கம்பெனி. தூசியில்லாத காற்றும் குளிரும் வேண்டும் என்பதால்தான் பிலிம் செய்ய மலைமேல் இடம் பார்த்தார்கள். எக்ஸ்ரே பிலிம், போட்டோ பிலிம், சினிமாவுக்கான கறுப்பு வெள்ளை பிலிம் எல்லாம் அங்கே உருவாயின. அப்பா கோட்டிங் பிரிவில் இருந்தார். ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து பிலிம்மேல் பூசுகிற வேலை. வெளிச்சம் பட்டால் போச்சு, அதனால் ஷிப்ட் முழுக்க இருட்டு. வெளியே வந்தால் வெயிலில் கண் கூசும் என்பார். இப்படி இருட்டில் நின்று பிலிம் செய்தவர், உலகத்தில் அந்த பிலிமை வைத்து என்னென்ன எடுத்தார்கள் என்று பார்த்ததில்லை. எங்களுக்குக் கிடைத்தது அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரில் எப்போதாவது ஒரு இங்கிலீஷ் படம், ஞாயிறு மத்தியானம் தூர்தர்ஷனில் சப்டைட்டிலோடு வேறு மாநிலப் படம். அதுவும் மழைக்காலத்தில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கூரைமேல் நிற்க வேண்டும். அநேகமாக அது நான்தான்.

அப்படிப்பட்டவன் முன்னால் ஜப்பான், இத்தாலி, ஸ்வீடன், ஈரான், பிரான்ஸ் என்று அலமாரி முழுக்கப் படங்கள், எல்லாம் இலவசம். எத்தனை எடுக்கலாம் என்று கேட்டேன். அந்த அம்மா சொன்ன எண்ணை நம்பாமல் மறுபடியும் கேட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டொராண்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள். நகரத்தில் வசித்தால் கார்டுக்குக் காசு இல்லை, நகரத்துக்குள் படித்தாலும் போதும். நீ கேட்கும் படம் வேறு ஏதோ மூலையில் உள்ள கிளையில் இருந்தால் கவலைப்படாதே, ஆன்லைனில் ஹோல்ட் போடு, அதாவது எனக்கு வேண்டும் என்று பதிந்து வை. உன் வீட்டுப் பக்கத்துக் கிளைக்கே வந்து சேரும். தாமதமானால் அபராதம் என்பதை 2022இல் எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் நம்மாள் ஒருவர், "அப்போ திருப்பித் தராமலே வச்சுக்கலாமா?" என்றார். தொலைத்தால் விலை கட்டவேண்டும் தம்பி, அது அப்படியே இருக்கிறது. எனக்கு ஒரு தடவை நடந்தது. டிஸ்க்கை பிளேயருக்குள்ளேயே விட்டுவிட்டு வெறும் பெட்டியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். போன் வந்தது. நானும் பெட்டிக்குள்தான் வைத்தேன் என்று சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்குப் போய் பிளேயரைத் திறந்தால், உள்ளே சாவகாசமாகப் படுத்திருக்கிறது. திருப்பித் தருமுன் பெட்டியைத் திறந்து பார். வாங்கும்போதும் திறந்து பார், கீறல் இருந்தால் அப்போதே சொல்லிவிடு.

பிளேயர் இங்கிருந்து கொண்டு போகாதே. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன், ஏனென்றால் நான் கொண்டு போனேன். டிவிடிக்கு ரீஜன் கோடு என்று ஒன்று உண்டு. இந்தியா 5, கனடாவும் அமெரிக்காவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2. நம் ஊர் பிளேயரில் அந்த ஊர் டிஸ்க்கைப் போட்டால் ஒரு எச்சரிக்கை வந்து நிற்கும், அவ்வளவுதான். அங்கே கரண்டும் 120 வோல்ட். பழைய சாமான் கடைகளில் டிவிடி பிளேயர் சில டாலருக்கே கிடைக்கும். லேப்டாப்புக்கு யுஎஸ்பி டிரைவ் வாங்குவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அதில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், ஐந்தாவதில் எது இருக்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். நம் வீட்டு டிஸ்க்குக்கு ஒரு தடவை, லைப்ரரி டிஸ்க்குக்கு ஒரு தடவை என்று மாற்றி மாற்றி விளையாடி, ஒரே வாரத்தில் தன் டிரைவை இந்தியாவிலேயே பூட்டிக்கொண்ட ரூம்மேட் எனக்கு இருந்தான்.

இன்னொன்று, இது என் சொந்த எரிச்சல். 1950களுக்கு முன்னால் வந்த படங்கள் கிட்டத்தட்டச் சதுரமாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். நம்மாட்கள் வீட்டுக்குப் போனால், காசு கொடுத்து வாங்கிய டிவியில் பட்டை தெரியலாமா என்று ரிமோட்டை எடுத்து இழுத்து விடுவார்கள். நடிக்கிறவர்கள் எல்லாம் அம்மைக்கட்டு வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். நான் சொல்லிப் பார்த்து, சண்டை போட்டு, இப்போது அந்த வீடுகளுக்குச் சாப்பிட மட்டும் போகிறேன்.

நம்மாட்களைப் பற்றி இன்னும் சொன்னால் உன் மாமா கோபித்துக்கொள்வார், இருந்தாலும் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷமாக அங்கே இருந்தும் லைப்ரரி வாசலை மிதிக்காதவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், பிள்ளைகள் போகிறார்கள் என்பார்கள். திருட்டு சேனல் வருகிற பெட்டிக்கு மாதாமாதம் பணம் கட்டுவார்கள், இலவசமாகக் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்பார்கள். நீ போனதும் முதல் வாரத்திலேயே உனக்கு அறிவுரை சொல்ல வருபவர்களும் இவர்கள்தான். தலையாட்டிவிட்டு வந்துவிடு.

டிஸ்க் எதற்கு, கனோபி இருக்கிறதே என்று உன் வயசுப் பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கிறது. லைப்ரரி கார்டு நம்பரைப் போட்டால் போனிலேயே பழைய படம் பார்க்கலாம், மாதத்துக்கு இத்தனை டிக்கெட் என்று அளவு உண்டு. நானும் பார்க்கிறேன். ஆனால் அதற்கு லைப்ரரிதான் பணம் கட்டுகிறது, கட்டுப்படியாகாவிட்டால் நிறுத்திவிடலாம். 2019இல் நியூயார்க் நகர நூலகங்கள் அப்படித்தான் நிறுத்தின. டிஸ்க் ஒருமுறை வாங்கினால் அலமாரியில் இருக்கும். அதற்கும் ஆபத்து உண்டு, வேறு மாதிரி: யாரும் எடுக்காத டிஸ்க்கைக் கழித்துவிடுவார்கள். அதனால் உனக்குப் பிடித்த படத்தை ஏற்கனவே பார்த்திருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை எடு. நான் எடுக்கிறேன். சில சமயம் பெட்டியைத் திறக்காமலே திருப்பித் தந்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்த ஒரு லைப்ரரியன் அம்மா என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். சிரித்துவிட்டு, எந்த ஊர் என்றார். தமிழ்நாடு என்றேன். "ரங்கநாதன் ஊரா!" என்றார். எனக்கு எந்த ரங்கநாதன் என்றே தெரியவில்லை, பேந்தப் பேந்த விழித்தேன். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியவர். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்பது மூன்றாவது விதி. அந்த அம்மா ஐந்தையும் மனப்பாடமாகச் சொன்னார், படிக்கும்போது பரீட்சைக்கு வந்ததாம். ஊட்டி மாவட்ட நூலகத்தில் தினத்தந்தி எப்போது கைமாறும் என்று காத்திருந்து வளர்ந்தவனுக்கு, நம்மூர்க்காரர் ஒருவரைப் பற்றி டொராண்டோவில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

டிஸ்க்கை நான் விடாததற்கு இன்னொரு காரணம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. 2016 கோடையில் அப்பா மூன்று மாதம் வந்திருந்தார். முதல் வாரமே போரடித்துவிட்டது. கூட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போனேன். அவர் எழுத்துக்கூட்டி எதையும் படிக்கவில்லை, அட்டையில் கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் எடுப்பார். சைக்கிள் திருட்டுப்போன இத்தாலிக்காரன் கதை, 1948இல் டி சிகா எடுத்தது. பாதியில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன், கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் நான் ஆவலாக அவர் முகத்தைப் பார்த்தால், "கறுப்பு நல்ல கறுப்பா விழுந்திருக்கு" என்றார்.

அப்புறம் சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றும். அந்தப் படங்களின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீவிபத்தில் கருகிப்போனது. உருகி ஒட்டிக்கொண்ட சுருள்களை இத்தாலியில் போலோக்னாவுக்குக் கொண்டுபோய், காய்ந்துபோன பிலிமுக்கு ஈரம் ஏற்றி, ஓரத்துத் துளைகளைக் கையாலேயே சரிசெய்து, முடிந்தவரை மீட்டார்கள். 2015இல் புதுப்பிரதி வந்தது. அந்த டிஸ்க்கில் படத்தோடு, இந்த வேலையைக் காட்டும் சின்னப் படம் ஒன்றும் உண்டு. அப்பா படத்தை ஒரு தடவைதான் பார்த்தார், அதை நாலு தடவை பார்த்தார். கருகின பிலிமை ஒரு பெண் கத்தி போன்ற ஒன்றால் மெல்லப் பிரித்தெடுக்கிறபோது ரிமோட்டை வாங்கி நிறுத்தி, டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, "ஜெலட்டின் போகல பாரு, ஓரந்தான் போயிருக்கு" என்று எனக்கு விளக்கினார். பேக்டரியை மூடியபிறகு அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் செட்டைத் திருப்பித் தரும் நாள் வந்தது. இன்னொரு வாரம் நீட்டிக்கக் கேட்டேன், வேறு யாரோ ஹோல்ட் போட்டிருந்தார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம். "யாரோ கேட்டிருக்காங்களே, குடுத்துரு" என்று அவரே பெட்டியைத் திறந்து டிஸ்க் இருக்கிறதா என்று எண்ணி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்போது மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "படத்தப் பத்தியே எழுதுறியே, அந்தப் பையன் ஸ்வெட்டரு கேட்டானே, அதச் சொல்லு" என்கிறார். சரி. ஊட்டி சேரிங் கிராஸில் விற்கிற ஸ்வெட்டர் அங்கே அக்டோபர் வரைக்கும்தான் தாங்கும். அதற்குப் பெட்டியில் இடத்தை அடைக்காதே, குளிர்கோட்டும் பூட்ஸும் அங்கே போய் வாங்கு. மிச்ச இடத்தில் வர்க்கி வைத்துக்கொள், நடுவில் துணிக்குள் வை, இல்லாவிட்டால் தூளாகிவிடும். எனக்கும் இரண்டு பாக்கெட்.