தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு: தணிக்கைக்குப் பின் வந்த கூடுதல் பில்லைக் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், வீடுகளுக்குத் தரை ஓடு பதிப்பதும் மரவேலை செய்வதுமாக ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஆறு பேர் சம்பளத்தில் இருக்கிறார்கள். வேலை கூடும்போது துணை ஒப்பந்தக்காரர்களை அழைத்துக்கொள்வேன். வேலையில் காயமடையும் ஊழியருக்கு ஈடு தரும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருக்கிறேன். பாலிசி ஆண்டு முடிந்து, காப்பீட்டு நிறுவனம் என் சம்பளக் கணக்கைத் தணிக்கை செய்த பிறகு 9,000 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். புதிதாக ஆள் சேர்க்கவில்லை, விபத்தும் நடக்கவில்லை. இது நியாயமா?

பதில்: தணிக்கைக் கணக்குத் தாளைப் பார்க்காமல் அந்தப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். முதலில் அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். தொடக்கத்தில் நீங்கள் கட்டிய பிரீமியம் வெறும் மதிப்பீடுதான். ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் அந்தந்த வேலையின் வகைக் குறியீட்டுக்குரிய விகிதத்தைப் பெருக்கி, ஆண்டு முடிவில் உண்மையான தொகையைக் கணக்கிடுகிறார்கள். உங்கள் ஏடுகள் எங்கே மௌனமாக இருக்கின்றனவோ அங்கே தணிக்கையாளர் அதிக விகிதத்தையே எடுத்துக்கொள்கிறார். நான் பார்த்தவரை, மிகைக் கட்டணத்தின் பெரும்பகுதி மோசடியால் வருவதில்லை, இப்படித்தான் வருகிறது.

உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் துணை ஒப்பந்தக்காரர்கள் மீதுதான். வேலை நடந்த நாட்களில் தமக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இருந்தது என்பதற்கான சான்றிதழை அவர்கள் தராவிட்டால், அவர்களுக்கு நீங்கள் கொடுத்த தொகையில் ஒரு பங்கு உங்கள் ஊழியர் சம்பளமாகவே கணக்கில் ஏறிவிடும். கூலிக்கு மட்டுமான ஒப்பந்தமா, பொருளும் சேர்ந்ததா என்பதைப் பொறுத்து அந்தப் பங்கு பெரிதும் மாறும். எனவே பொருளுக்கான ரசீதுகளைத் தேடி எடுங்கள். வெளியாருக்கு நேரும் சேதத்துக்கான பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் சான்றிதழ் இதற்குச் செல்லாது. பலர் அதைக் காட்டிவிட்டு ஏமாந்து போகிறார்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு உண்மையிலேயே காப்பீடு இருந்திருந்தால், அதற்கான சான்றிதழை அவர்களுடைய முகவரிடமிருந்து இப்போதும் வாங்கித் தரலாம்.

அடுத்தது வகைக் குறியீடு. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டுக்கான வகைகளையும் விதிகளையும் வகுப்பது என்.சி.சி.ஐ. என்ற அமைப்பு. ஜார்ஜியா உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் அதன் பட்டியலில் ஓடு பதிப்புக்கு 5348, குடியிருப்பு வீட்டு மரவேலைக்கு 5645, அலுவலக எழுத்துப் பணிக்கு 8810 என்று தனித்தனிக் குறியீடுகள் உள்ளன, விகிதங்களும் வேறு. கட்டுமானத் தொழிலில் ஒரே ஊழியர் இரண்டு வேலைகளையும் செய்தால், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்ற உண்மையான பதிவு இருக்கும்போது சம்பளத்தைப் பிரிக்கலாம். பதிவு இல்லையென்றால் முழுச் சம்பளமும் அதிக விகிதமுள்ள வகைக்கே போகும். அலுவலக ஊழியருக்கோ இப்படிப் பிரிக்கும் வழியே இல்லை. அவர் மற்ற வேலைகளையும் செய்பவர் என்றால் 8810-இன் குறைந்த விகிதத்தை இழந்துவிடுவார். குறியீடு தவறு என்று நிரூபணமாகி, திருத்தத்தால் பிரீமியம் குறையுமானால், அந்தத் திருத்தம் பாலிசி தொடங்கிய நாளிலிருந்தே செல்லும் என்பது என்.சி.சி.ஐ. விதி.

மிகைநேரச் சம்பளத்தையும் பாருங்கள். மணிக்கு 20 டாலர் பெறுபவருக்கு மிகைநேரத்தில் ஒன்றரை மடங்காக 30 டாலர் கொடுத்திருந்தால், மேலதிகமான அந்த 10 டாலரைக் கணக்கிலிருந்து நீக்கலாம். சம்பள ஏட்டில் அது தனியே காட்டப்பட்டிருக்க வேண்டும். ஊழியர்களின் குழுக் காப்பீட்டுக்கு நீங்கள் செலுத்திய பங்கும் சம்பளத்தில் சேராது.

உங்கள் பிரீமியம் அனுபவக் காரணி (பழைய இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பொறுத்துப் பிரீமியத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும் பெருக்கு எண்) பெறும் அளவுக்கு இருந்தால் அதையும் சரிபாருங்கள். எடுத்துக்காட்டாக, 2025 ஜனவரியில் தொடங்கிய பாலிசிக்கு 2021, 2022, 2023 ஆண்டுகளின் பாலிசிகளே அடிப்படை. ஆகவே, மூடப்பட வேண்டிய பழைய கோரிக்கை ஒன்று இனி கொடுக்க நேரலாம் என்று காப்பீட்டு நிறுவனம் ஒதுக்கிவைத்த பெரிய தொகையுடன் திறந்தே கிடந்தாலும் நீங்கள் இன்றைக்குக் கூடுதலாகக் கட்ட நேரும்.

பிழை கண்டால் ஆவணங்களை இணைத்து நிறுவனத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதுங்கள். தகராறு இல்லாத பகுதியை உரிய நாளுக்குள் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நடப்புப் பாலிசியே ரத்தாகும் அபாயம் உண்டு. நிறுவனம் ஏற்க மறுத்தால் என்.சி.சி.ஐ.யின் தகராறுத் தீர்வுப் பிரிவையும், மாநிலக் காப்பீட்டு ஆணையர் அலுவலகத்தையும் அணுகலாம். இந்த ஆண்டுக்கு இன்றே தொடங்க வேண்டியது ஒன்று உண்டு: காப்பீட்டுச் சான்றிதழ் கைக்கு வராமல் எந்தத் துணை ஒப்பந்தக்காரருக்கும் காசோலை எழுதாதீர்கள்.