டு-வுக்குப் பின்னால் மாம்பழம்

கேள்வி: மாங்கூழ் ஆலை வேலைக்கு எழுதிய மெயிலை 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று முடித்தேன். அண்ணன் 'மீட்டிங்' என்று திருத்துகிறார். எது சரி?
– வாசகி, போச்சம்பள்ளி

பதில்: அண்ணன் சொல்வதுதான் சரி, அம்மா. 'வான்ட் டு மீட்'டில் வரும் டு வேறு. உங்கள் டு முன்னிடைச்சொல் (ப்ரெபோசிஷன்). நம் 'கு' உருபு மாதிரி, பெயரைத்தான் கேட்கும். 'சந்தி'யோடு அப்படியே 'கு' சேர்த்தால் தெருச்சந்திக்குப் போய்விடுவோம்! 'சந்திப்பதற்கு' என்று வினையைப் பெயராக்குகிறோம் அல்லவா, அந்த வேலையைத்தான் 'இங்' செய்கிறது.

சந்தேகம் வந்தால் டு-வுக்குப் பின் 'மேங்கோஸ்' போட்டுப் பாருங்கள். தருமபுரி வகுப்புகளில் நான் இதைத்தான் சொல்வேன். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மேங்கோஸ்' நிற்கும், அப்போது இங். 'வான்ட் டு மேங்கோஸ்' நிற்காது.

அப்புறம், இதே இரண்டு டு-தான் இங்கேயும்: 'ஐ யூஸ்டு டு குக்' என்றால் முன்பெல்லாம் சமைப்பேன். 'ஐ ஆம் யூஸ்டு டு குக்கிங்' என்றால் சமையல் பழகிவிட்டது.