மின் சிகரெட்டுக்கு மாறினால் புகையை விட முடியுமா?

கேள்வி: வயது 44. மன்னார்குடி பக்கம் நெல் வியாபாரம். தினமும் 15 சிகரெட். நிக்கோடின் சூயிங்கம் மென்று பார்த்தேன். நெஞ்செரிச்சலும் விக்கலும்தான் மிச்சம். லண்டனில் இருக்கும் மைத்துனர் வேப்புக்கு (நிக்கோடின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் மின் சிகரெட்) மாறி சிகரெட்டை விட்டுவிட்டார். பொங்கலுக்கு வரும்போது எனக்கும் ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அதற்காக மைத்துனர் சொல்வது பொய் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், மின் சிகரெட் பெற்றவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் புகையை விட்டிருந்தார்கள். தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச், சூயிங்கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 சதவீதம்தான். ஆனால் மின் சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் அதை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எரிகிற புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லையே, அதுவே லாபம் என்பது அங்குள்ள மருத்துவர்கள் பலரின் வாதம். புகைக்காத பள்ளிப் பிள்ளைகளும் பழகிவிடுவார்களே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கவலை. எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகிறது. நம் நாட்டிலோ 2019 சட்டப்படி விற்பனை, இறக்குமதி, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். மறைவாக விற்பதில் என்ன திரவம் ஊற்றியிருக்கிறார்கள் என்று யார் பார்த்தது?

உங்கள் சூயிங்கத்துக்கு வருகிறேன். விக்கல் என்றதுமே தெரிந்துவிட்டது: மிட்டாய் மாதிரி மென்று எச்சிலை விழுங்கியிருக்கிறீர்கள். நிக்கோடின் கன்னத்தின் உட்பக்கம் வழியாக ஏற வேண்டும். வயிற்றுக்குப் போனால் பெரும்பாலும் வீண். மெதுவாக மெல்லுங்கள். காரமோ சுருசுருப்போ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். வெற்றிலை போடுகிற ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒதுக்கச் சொல்வது சூயிங்கத்தை, போயிலையை அல்ல! காபி குடித்த வாயில் நிக்கோடின் சரியாக ஏறாது. டிகிரி காபி குடித்தால் 15 நிமிடமாவது பொறுத்து மெல்லுங்கள்.

காலையில் எழுந்து அரை மணிக்குள் பற்றவைப்பவர் என்றால் 2 மி.கி. சூயிங்கம் போதாது. டாக்டரைப் பார்த்து 4 மி.கி. கேளுங்கள், கூடவே பேட்ச்சும் ஒட்டலாம். புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வரெனிகிளின் மாத்திரையும் நன்றாக வேலை செய்யும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், மறைக்காமல் சொல்லுங்கள்.

பொங்கல் வரை காத்திருக்காதீர்கள். சம்பா அறுவடையில் களத்துமேட்டில் நாலு பேர் கூடினால் பாக்கெட் தானாகத் திறக்கும். கார்த்திகையிலேயே ஒரு நாள் குறித்து நிறுத்துங்கள். தடுமாறினால் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் ஆலோசகர்கள் பேசுவார்கள்.