‘லேடி’ பட்டமா, பாதி வீடா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். கணவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்த நாளிலிருந்து என்னை எல்லோரும் ‘லேடி’ என்றே அழைத்தார்கள். அவர் மனுப்போட்டு விவாகரத்து வாங்கி, இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். இப்போது அவள் ‘லேடி’யாம், நான் அப்படிப் போடக்கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இருபது வருடம் அவருக்காக உழைத்தவள் நான். வீடு அவர் பெயரில் இருக்கிறது, பாதி தருவதாக வாய்வார்த்தை. அடுத்த மாதம் எனக்கும் மறுமணம். பட்டத்தை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: நோட்டீஸை ஓரமாக வையுங்கள். ‘லேடி’ என்பது சொத்தல்ல, மரியாதை அழைப்பு. விவாகரத்தானவர் தன் பெயரை முன்னால் எழுதி, காற்புள்ளி வைத்து, பிறகு ‘லேடி’யையும் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொள்வது இங்கே வழக்கம். 1996-இல் டயானா ‘டயானா, பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்’ ஆனதும் அப்படித்தான். மறுமணம் செய்தால் அதையும் விட்டுவிடுவார்கள். விடாவிட்டால்? மறுமணத்துக்குப் பிறகும் ‘கவுண்டஸ் கவுலி’ என்றே எழுதிவந்த முன்னாள் மனைவியைத் தடுக்க, கவுலி பிரபு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார். தீர்ப்பு 1901-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. பிரபுவுக்கே கிடைக்காத தடை உத்தரவு உங்கள் முன்னாள் கணவருக்கா கிடைக்கப்போகிறது?

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த ‘அடுத்த மாதம்’தான். விவாகரத்து மனுப்போட்டவர் அவர்; அது உங்களுக்காகப் பங்கு கேட்காது. உங்கள் பங்குக்கு நீங்கள் தனியாகப் படிவம் ஏ, அதாவது பணமும் சொத்தும் கேட்கும் மனுவை, தாக்கல் செய்தீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. செய்யாமல் மறுமணம் செய்துகொண்டால், 1973-ஆம் ஆண்டுத் திருமண வழக்குகள் சட்டத்தின் 28(3) பிரிவு கதவைச் சாத்திவிடும். அதன் பிறகு மொத்தத் தொகையோ வீட்டில் பங்கோ கேட்டு மனுவே போட முடியாது. இருபது வருட உழைப்பை நீதிபதி கேட்கும் கட்டமே வராது. புதுத் திருமணம் செல்லாது என்று பின்னால் தீர்ப்பானாலும் தடை தடைதான். சனிக்கிழமை பதிவுத் திருமணம் முடித்து, மருதாணி கலையாத கையோடு திங்கட்கிழமை வந்து ‘வீட்டில் பாதி வாங்கித் தாருங்கள்’ என்று உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் வாய்வார்த்தையை நம்பியவர்கள்தான். நீங்கள் எதிர்மனுதாரர் என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் மறந்திருக்க மாட்டார்; பட்டத்தைப் பற்றி நோட்டீஸ் விட்டு நாளைக் கடத்துவது அவருக்கு லாபம்.

இந்த வாரமே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். தாக்கலான மனு மறுமணத்தால் சாகாது. மாதாந்திர ஜீவனாம்சம் மட்டும் மறுமணத்தோடு நின்றுவிடும், அதற்கு வழியில்லை. அப்புறம் சமரசம் பேசுங்கள். ‘இனி லேடி என்று போடமாட்டேன்’ என்று எழுதிக்கொடுத்து, பதிலுக்குப் பாதி வீட்டை நீதிமன்ற முத்திரையோடு சம்மத உத்தரவாக வாங்குங்கள். எப்படியும் அடுத்த மாதம் நீங்கள் விடப்போகும் பட்டம்தானே, நல்ல விலை. மனு பதிவாவதில் தாமதம் என்றால் கல்யாணத்தைத் தள்ளிவையுங்கள். பத்திரிகை அடித்தாயிற்று என்றால், தேதி மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம்.