முதல் நாளே பிணக்குவியலைக் காட்டாதீர்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். நாஜி ஜெர்மனி பற்றிய அத்தியாயத்தில் யூத இனப்படுகொலைக்கு மூன்று பாடவேளைகள்தான் கிடைக்கும். மாணவர்களில் சிலர் ஹிட்லரைக் கெட்டிக்காரத் தலைவர் என்று மெச்சுகிறார்கள். வதைமுகாம் படங்களைக் காட்டினால் புத்தி வரும் என்கிறார் சக ஆசிரியர். முகாம் வாழ்க்கையை நாடகமாக நடிக்கவைக்கும் யோசனையும் இருக்கிறது. எது சரி? – ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

படங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் பிரிட்டிஷ் படையினர் எடுத்த படங்களை எடுத்த எடுப்பிலேயே காட்டினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் சிரித்துவிட்டான். அவனை வெளியே நிறுத்தினேன். பார்க்க முடியாததைப் பார்க்கச் சொன்னால் பதினான்கு வயது முகம் சில சமயம் சிரித்துத்தான் தப்பிக்கும் என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. படத்தில் கிடந்தவர்களுக்கு அவன் அறிந்த பெயர் இல்லை, ஊர் இல்லை. பிணங்களாகவே அவனுக்கு அறிமுகமானார்கள்.

அதனால் முதல் பாடவேளையில் யாரும் சாக வேண்டாம். கரும்பலகையில் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரையுங்கள். ஜெர்மன் தெருக்களில் பதிக்கப்பட்டிருக்கும் ‘இடறு கல்’லின் அளவு அது. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோன் நகரில் தொடங்கிய வேலை. இன்று ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் இருக்கின்றன. கொல்லப்பட்டவர் விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டு வாசலில், பித்தளைத் தகட்டில், ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கிப் பெயர், பிறந்த ஆண்டு, எங்கே கொண்டுபோகப்பட்டார் என்பவை இருக்கும். படிக்க வேண்டுமானால் குனிந்தாக வேண்டும். பல நகரங்கள் தங்கள் கற்களின் வரலாற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன. உங்கள் மாணவர்களின் வயதையொத்த ஒரு சிறுவனையோ சிறுமியையோ தேர்ந்தெடுங்கள். அப்பாவுக்கு என்ன தொழில், எந்தத் தெரு, எந்தப் பள்ளி என்பதே அன்றைய பாடம். 1933இல் ஜெர்மனியில் யூதர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர், நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். நாட்டையே அவர்கள் ஆட்டிப்படைத்தார்கள் என்ற கதை அந்த எண்ணின் முன் நிற்காது.

‘ஹோலோகாஸ்ட்’ என்ற சொல்லுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். முழுவதும் எரிக்கப்பட்ட பலி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் பைபிளில் ‘சர்வாங்க தகனபலி’ என்று வருகிறதே, அதுதான். யாருக்கு, யார் கொடுத்த பலி என்ற சங்கடம் அதில் இருக்கிறது. யூதர்கள் பலர் பேரழிவு என்று பொருள்தரும் ‘ஷோவா’ என்ற எபிரேயச் சொல்லையே விரும்புகிறார்கள். நான் வகுப்பில் ‘யூத இனப்படுகொலை’ என்றே சொல்வேன்.

இரண்டாம் பாடவேளை காகிதங்களுக்கு. எனக்கு இதுவே முக்கியமான நாள். 1933 ஏப்ரலில் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம். 1935இல் குடியுரிமையைப் பறித்து, கலப்புத் திருமணத்தைத் தடை செய்த நியூரம்பர்க் சட்டங்கள். 1938 நவம்பரில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன, சுமார் 30,000 யூத ஆண்கள் கைதானார்கள்; சேதத்துக்கு யூதர்கள் மீதே நூறு கோடி மார்க் அபராதம் விழுந்தது. 1939 தொடக்கத்திலிருந்து, யூதப் பெயராக அரசு ஏற்காத பெயர் கொண்ட ஆண்கள் ‘இஸ்ராயேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1942இல் வீட்டில் நாய், பூனை வளர்க்கத் தடை. ஒவ்வோர் ஆணையையும் ஒரு மாணவர் உரக்கப் படிக்கட்டும். படித்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது நடக்க யார் யார் வேலை செய்திருக்க வேண்டும்? பதிவு எழுத்தர், தலைமையாசிரியர், தபால்காரர் என்று பிள்ளைகளே அடுக்குவார்கள்.

பிறகு ரயிலுக்கு வாருங்கள். முகாம்களுக்கு யூதர்களை ஏற்றிச்சென்ற ஜெர்மன் ரயில்வே அதற்குக் கட்டணம் வாங்கியது. மூன்றாம் வகுப்பு, ஒருவழிப் பயணம், கிலோமீட்டருக்கு நான்கு ஃபென்னிக் (ஜெர்மன் பைசா). பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரை டிக்கெட், நான்கு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. காவலர்களுக்கு மட்டும் திரும்பி வரவும் டிக்கெட். அரை டிக்கெட்டில் பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டுச் சற்றுப் பேசாமல் இருங்கள்.

ஹிட்லரை மெச்சும் மாணவரிடம் கோபப்படாதீர்கள். கண்டிப்பான தலைமையாசிரியருக்கெல்லாம் ‘ஹிட்லர்’ என்று செல்லப்பெயர் வைத்த ஊர் நம்முடையது. பையன் அதைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறான். நெடுஞ்சாலை போட்டாரே என்பான். கொலோன்-பான் நெடுஞ்சாலையை 1932லேயே, ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன்பே, கொலோன் மேயர் அடனாவர் திறந்துவைத்தார். வேலையின்மையைப் போக்கினாரே என்பான். பெரும்பகுதி, போருக்கான ஆயுத உற்பத்தி. அதற்கான பணம் கணக்கில் மறைத்து வாங்கிய கடன். நேதாஜிக்கு உதவினாரே என்பான், இது நிச்சயம் வரும். நேதாஜி 1942இல் ஹிட்லரைச் சந்தித்தது பிரிட்டனை எதிர்க்கும் கணக்கில். அதே ஹிட்லர் தன் நூலில், இந்தியா வேறு யாரிடமும் இருப்பதைவிட ஆங்கிலேயரிடம் இருப்பதே மேல் என்று எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் வகுப்பில் எழும் சலசலப்பு உங்களுக்கே பிடிக்கும்.

கொலைகள் மூன்றாம் நாள். நச்சுவாயு அறைகளை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கீவ் நகருக்கு வெளியே பாபின் யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் 33,771 யூதர்கள் சுடப்பட்டார்கள். கொன்ற படையே எழுதியனுப்பிய கணக்கு இது. ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தின் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்ட சுமார் 11 லட்சம் பேரில் பத்து லட்சம் பேர் யூதர்கள். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் அறுபது லட்சம். ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களும் மாற்றுத்திறனாளிகளும் கொல்லப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்று ஒரு படம் காட்டலாம். 1944இல் ஹங்கேரியிலிருந்து ஆஷ்விட்ஸ் வந்திறங்கிய தாய்மாரையும் குழந்தைகளையும் நாஜிக் காவல்படையினர் எடுத்த படங்களில் ஒன்று போதும். அதில் பிணம் இருக்காது. ‘கேமரா யார் கையில் இருந்தது?’ என்று கேளுங்கள்.

நாடகம் வேண்டவே வேண்டாம். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமும் ஆசிரியர்களுக்கு இதையே அறிவுறுத்துகிறது. பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு, விளக்கணைத்து, ‘இதுதான் சரக்குப்பெட்டி’ என்றால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகும், அல்லது அந்தத் துயரம் தங்களுக்குப் புரிந்துவிட்டது என்ற பொய்யான நிறைவு வரும். காவலன் வேடத்துக்குத்தான் போட்டி அதிகம் இருக்கும்.

‘இதெல்லாம் உண்மையா?’ என்று யாராவது கேட்டால், வார்சா கெட்டோவுக்கு, அதாவது போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்கு, போங்கள். இமானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியரும் அவரது குழுவினரும் டைரிகள், ரேஷன் அட்டைகள், பள்ளிக் கட்டுரைகள், மிட்டாய்க் காகிதம்கூடச் சேகரித்துத் தகரப்பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணில் புதைத்தார்கள். ஒரு பகுதி 1946இலும் இன்னொன்று 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டது. அவர்களில் மிகச் சிலரே பிழைத்தார்கள்.

நினைவுநாள் கூட்டம் நடத்த நினைத்தால், ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27ஐ ஐ.நா. 2005இல் நினைவுநாளாக அறிவித்திருக்கிறது. நமக்கு அது குடியரசு தின விழாவின் மறுநாள். களைத்துப்போன பிள்ளைகளிடம் சொற்பொழிவு ஏறாது. எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகத்தின் இணையப் பட்டியலில் 48 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இருக்கின்றன. பத்துப் பெயர்களை மட்டும் எடுத்து, பெயர், ஊர், வயது என்று பத்து மாணவர்கள் வாசிக்கட்டும். போலந்துப் பெயர்கள் நம் நாவில் லேசில் புரளாது. 25ஆம் தேதியே தமிழில் எழுதிக் கொடுத்து இரண்டு முறை சொல்லிப் பார்க்கவைத்துவிடுங்கள்.