“அம்மா, மியூட்ல இருக்கியா?”

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

2020 மார்ச் ஊரடங்கிலிருந்து வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் வேலை. மதுரையில் இரண்டு அறை வீடு. கணவர் மருந்துக் கடையில் இருப்பதால் அவருக்கு விடுப்பே இல்லை. அம்மாவைக் கூப்பிடலாம் என்றால் 68 வயது, சர்க்கரை வேறு, பயமாக இருக்கிறது.

மகள் ஒன்றாம் வகுப்பு. காலை 9 முதல் 12 வரை என் போனில் அவளுக்கு ஆன்லைன் வகுப்பு. அதே நேரம் லேப்டாப்பில் எனக்கு அழைப்புகள். போன வாரம் நான் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்து ஏதோ கேட்டாள். கத்திவிட்டேன். அதிலிருந்து “அம்மா, மியூட்ல இருக்கியா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். திங்கட்கிழமை கதவில் விரல் நசுங்கியபோதுகூட வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரவில் தூக்கமே வருவதில்லை. வேலையை விட்டுவிடலாமா? கொரோனாவுக்காக வீட்டுக் கடன் தவணைக்குக் கொடுத்த அவகாசமும் 2020 ஆகஸ்ட் 31-ல் முடிகிறது.

– வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த விரல். இன்றே அவளை மடியில் வைத்துச் சொல்லுங்கள்: “அன்னைக்கு அம்மா கத்தினது தப்பு. வலிச்சாலோ பயமா இருந்தாலோ எதையும் பார்க்காம ஓடி வா.” அடுத்த முறை அவள் ஓடி வரும்போது, எதிர்முனையில் யார் இருந்தாலும் ஹெட்போனைக் கழற்றுங்கள். அதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள்.

நீங்கள் எப்போது பேசலாம், எப்போது பேச முடியாது என்று தெரியாததால்தான் அவள் அப்படிக் கேட்கிறாள். மணி பார்க்கத் தெரியாத வயது. அழைப்பில் இருக்கும்போது நாற்காலியில் ஒரு சிவப்புத் துப்பட்டாவைப் போடுங்கள். எடுத்துவிட்டால் அடுத்த பத்து நிமிடம் அவளுக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் போனைத் தொடாதீர்கள், சமையலறைக்கும் போகாதீர்கள்.

ஆறு வயதுக்கு மூன்று மணி நேர வகுப்பு அதிகம். 2020 ஜூலையில் ஆன்லைன் வகுப்புகளுக்காக மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதல், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்கிறது. இதைச் சொல்லி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்; மற்ற பெற்றோரும் சேர்ந்தால் நல்லது. பள்ளி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கடைசி வகுப்புக்கு அவளை உட்கார வைக்காதீர்கள். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து இருபது நிமிடம் எழுத்துக்கூட்டிப் படித்தால் இந்த வயதில் எதுவும் விட்டுப்போகாது.

மேலாளரிடம் “கொஞ்சம் அனுசரிங்க” என்று கேட்டால் “பார்க்கலாம்” என்பார். 9 முதல் 10.30 வரை எழுத்துப் புகார்கள், அதன் பிறகு அழைப்புகள், மிச்சம் இரவு 8.30-க்கு மேல் என்று நேரத்தோடு எழுதிக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் கணவர் ஒரே வரியில் வந்து போய்விட்டார். அவரும் ஓய்ந்துபோய்த்தான் வருவார், தெரியும். ஆனாலும் கடையிலிருந்து வந்து குளித்த பிறகு, மகளுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைப்பது அவர் பொறுப்பாகட்டும். அப்போதுதான் அந்த 8.30 மணி வேலை நடக்கும்.

வேலையை விடுவதை இப்போது முடிவு செய்யாதீர்கள். இந்த மாற்றங்களை இரண்டு மாதம் செய்து பார்த்துவிட்டு யோசிக்கலாம். ஆனால் தூக்கம் வராததை அதுவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐ அழையுங்கள், மனநல ஆலோசகரோடு பேசலாம்.

விரல் வீக்கம் வற்றியதா? எழுதுங்கள்.